மூன்று வருட ஹிட், அரை நூற்றாண்டு மேடை: எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்கின் பாட்டுத் தொழில்

1967 மார்ச்சில் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் பீட்டில்ஸ் இரண்டாம் இடத்தில் சிக்கிக்கொண்டார்கள். அவர்களுடைய இசைத்தட்டில் ஒரு பக்கம் ‘பென்னி லேன்’, மறுபக்கம் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’. இரண்டையும் பாப் இசையின் சிகரங்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். அவற்றுக்கு மேலே ஆறு வாரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது ‘ரிலீஸ் மீ’. அது 1940களின் கடைசியில் அமெரிக்காவில் எழுதப்பட்ட கன்ட்ரி பாட்டு, அதாவது அந்த நாட்டுக் கிராமப்புற மரபில் வந்தது. பாடியவர், பிரிட்டனில் அதுவரை அதிகம் பேர் கேள்விப்படாத முப்பது வயதுக்காரர். 50 இடங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் பாட்டு தொடர்ந்து 56 வாரம் நின்றது. அந்த ஆண்டு பிரிட்டனில் மிக அதிகம் விற்ற சிங்கிளும் (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட இசைத்தட்டு) அதுதான்.

பாடியவர் எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க். ‘பீட்டில்ஸை மறித்தவர்’ என்ற ஒற்றை வரியோடு அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அது அவருக்குச் செய்யும் அநியாயம். பிரிட்டனில் அவருடைய பெரிய ஹிட்டுகள் எல்லாம் 1967 தொடக்கத்துக்கும் 1970 தொடக்கத்துக்கும் நடுவே வந்தவை. கணக்குப் பார்த்தால் மூன்றே வருடம். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் அவர் மேடையில் பாடியிருக்கிறார். ஹிட் எப்படி வந்தது என்பதைவிட, ஹிட் நின்ற பிறகு தொழில் எப்படி நிற்காமல் ஓடியது என்பதுதான் இவர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது.

அதற்கான விடை பெரும்பாலும் ஒரு விஷயத்தில் இருக்கிறது. தன்னுடைய ஹிட் பாட்டுகளை அவர் எழுதவில்லை. பாப் இசையில் எழுதுகிறவருக்கும் பாடுகிறவருக்கும் பணம் வருகிற வழி வேறு வேறு. ஒரு பாட்டு வானொலியில் ஒலித்தால் எழுதியவருக்கு ராயல்டி உண்டு. அமெரிக்காவின் ஏ.எம்., எஃப்.எம். வானொலிகளில் பாடியவருக்கு ஒரு காசும் கிடையாது. வேறொருவர் அதே பாட்டைப் பாடி இசைத்தட்டு போட்டாலும் எழுதியவருக்குத்தான் பங்கு. பாடுகிறவருக்கு முக்கிய வருமானம் என்பது இசைத்தட்டு விற்பனையில் ஒப்பந்தப்படி வரும் சதவீதமும் மேடையும்தான். இசைத்தட்டு விற்பனை குறைந்தால் மேடை ஒன்றே மிச்சம். அதை இவர் சீக்கிரமே புரிந்துகொண்டார்.

பிறந்தது மெட்ராஸில், 1936 மே 2ஆம் தேதி. இயற்பெயர் ஆர்னல்ட் ஜார்ஜ் டோர்சி. தந்தை பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை பார்த்தவர். பத்துப் பிள்ளைகளில் இவர் ஒருவர். பத்து வயதுவாக்கில் குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் கற்றுக்கொண்டது சாக்ஸஃபோன். பதினேழு வயதுவரை மேடையில் பாடியதில்லை என்கிறார்கள். ஒரு மதுக்கடைப் போட்டியில் நண்பர்கள் மேடையேற்றிவிட, அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸைப் போலச் செய்து காட்டினார். அதிலிருந்து ‘ஜெர்ரி டோர்சி’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரில்தான் 1950களின் கடைசியில் டெக்கா நிறுவனத்தில் முதல் இசைத்தட்டு. அது விற்கவில்லை. 1961இல் காசநோய் வந்து மாதக்கணக்கில் படுத்துவிட்டார். பாடுகிறவனுக்கு நுரையீரல்தான் முதலீடு. அது தேறி வந்தபோது கையில் வேலை இல்லை, ஜெர்ரி டோர்சியை யாருக்கும் நினைவும் இல்லை.

1965இல் பழைய அறைத்தோழர் கார்டன் மில்ஸ் இவருக்கு மேனேஜர் ஆனார். மில்ஸ் தானும் பாடியவர், பாட்டு எழுதியவர். பாடகர் டாம் ஜோன்ஸை மேலே கொண்டுவந்தவர் அவர்தான். அவர் வளர்ந்தது வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்கில் என்றாலும் பிறந்தது 1935இல் மெட்ராஸில். ஆக, பாடியவர், அவரை உருவாக்கிய மேனேஜர் இரண்டு பேருமே ஒரு வருட இடைவெளியில் இதே ஊரில் பிறந்தவர்கள். (பீட்டில்ஸில் ரிங்கோ ஸ்டாருக்கு முன் டிரம் வாசித்த பீட் பெஸ்ட் 1941இல் பிறந்ததும் மெட்ராஸில்தான். ராணுவக் குடும்பங்கள் நிறைந்திருந்த ஊருக்கு இதெல்லாம் அதிசயமில்லை என்றாலும், நம் ஊர்ப் பெயர் பாப் சரித்திரத்தில் மூன்று தடவை வருவது அதிகம் பேருக்குத் தெரியாது.)

மில்ஸின் முதல் வேலை பெயரை மாற்றியது. மூல எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் 1854 முதல் 1921 வரை வாழ்ந்த ஜெர்மன் இசையமைப்பாளர். ‘ஹான்ஸலும் கிரெட்டலும்’ ஓபரா அவருடையது. அந்தப் பெயரை அப்படியே தூக்கி ஒரு பாப் பாடகருக்கு வைத்ததை வெறும் குறும்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. மில்ஸ் வைத்த மற்ற பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு புரியும். தாமஸ் உட்வர்டை டாம் ஜோன்ஸ் ஆக்கினார். அதே பெயரில் 1963இல் ஒரு படம் ஓடியிருந்தது. ரேமண்ட் ஓ'சல்லிவனை கில்பர்ட் ஓ'சல்லிவன் ஆக்கினார். கில்பர்ட், சல்லிவன் என்பது ஆங்கிலேயர் எல்லாருக்கும் தெரிந்த இசை நாடக ஜோடி. மூன்று பெயருமே மக்கள் காதில் ஏற்கெனவே எங்கோ விழுந்தவை. புதுப் பாடகரின் பெயரை மக்கள் மனத்தில் பதியவைக்க ஆகும் செலவை ஒரு பழைய பெயர் மிச்சப்படுத்திவிடுகிறது. ஹம்பர்டிங்க் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. வானொலி அறிவிப்பாளர் அந்தப் பெயரைச் சொல்லத் தடுமாறினாலே கேட்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். இதற்கு விலையும் இருந்தது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் அந்தப் பெயர் உண்மையான இசையமைப்பாளருக்குச் சொந்தம். அங்கே இவர் இன்றுவரை வெறும் ‘எங்கல்பெர்ட்’.

1966இல் பெல்ஜியத்தின் நாக்கே நகரில் நடந்த பாட்டுப் போட்டியில் இங்கிலாந்து அணியில் பாடினார். அந்த நாட்டில் பெயர் கிடைத்தது, பிரிட்டனில் ஒன்றும் நடக்கவில்லை. 1967 ஜனவரியில் ‘ரிலீஸ் மீ’ வெளியானது. ‘சண்டே நைட் அட் தி லண்டன் பல்லேடியம்’ என்ற ஞாயிறு இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட வேண்டிய டிக்கி வாலன்டைனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, கடைசி நேரத்தில் இவரைக் கூப்பிட்டார்கள். நாடே பார்க்கிற நிகழ்ச்சி அது. அதன் பிறகு பாட்டு ஏறியது. உச்சத்தில் ஒரே நாளில் 85,000 பிரதி விற்றதாகச் சொல்வார்கள். பிரிட்டனில் மட்டும் மொத்த விற்பனை 13 லட்சத்தைத் தாண்டியது.

அந்தப் பாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எழுதியவர்களில் முக்கியமானவர் எடி மில்லர். ரே பிரைஸ், கிட்டி வெல்ஸ், எஸ்தர் ஃபிலிப்ஸ் என்று பலர் ஏற்கெனவே பாடியது. விஷயம் எளிது: எனக்கு உன்மேல் காதல் இல்லை, என்னை விட்டுவிடு. கட்டமைப்பு அதைவிட எளிது. நாலு வரி, ஒரு மெட்டு. பல்லவிக்கும் சரணத்துக்கும் மெட்டில் வித்தியாசமே இல்லை. ஒரு தடவை கேட்டவர் இரண்டாம் தடவை கூடவே பாடலாம். எங்கல்பெர்ட் அதைக் கீழ்ஸ்தாயியில், கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரித் தொடங்குகிறார். வாத்தியக்குழு பின்னால் மெதுவாக நிரம்புகிறது. அதே மெட்டு திரும்பத் திரும்ப வந்தால் அலுக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பின்னணி ஒரு படி கனமாகிறது. மூன்றாம் முறை பல்லவி வரும்போது முழுக் கோரஸும் சேர்ந்துகொள்கிறது. மெட்டை அப்படியே விட்டுவிட்டு அதன் எடையை மட்டும் மாற்றுகிற இந்த உத்திதான் பின்னால் அவருடைய பெரும்பாலான ஹிட்டுகளில் வருகிறது.

வாங்கியவர்கள் யார் என்பதற்குப் பட்டியலே சாட்சி. ‘ரிலீஸ் மீ’க்கு முன் முதலிடத்தில் இருந்தது பெட்டுலா கிளார்க்கின் மெல்லிசைப் பாட்டு. அதற்குப் பின் வந்தது ஃபிராங்க் சினாத்ராவும் மகள் நான்சியும் பாடியது. அதற்கும் பின் சாண்டி ஷா யூரோவிஷனில் (ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே ஆண்டுதோறும் நடக்கும் பாட்டுப் போட்டி) பாடியது. 1967 என்றாலே நீள்முடியும் மின்கிடாரும் என்று படம் பிடித்து வைத்திருக்கிறோம். பெற்றோர் தலைமுறையும் இசைத்தட்டு வாங்கிய காலம் அது. மதுக்கடையில் இரவு பத்து மணிக்கு எல்லாரும் சேர்ந்து ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ பாட முடியாது. ‘ரிலீஸ் மீ’ பாடலாம்.

அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ‘டென் கிட்டார்ஸ்’ என்ற பாட்டு, எழுதியவர் கார்டன் மில்ஸ். அன்றைய பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டப்படி இசைத்தட்டின் சில்லறை விலையில் 6.25 சதவீதம் பாட்டு எழுதியவர்கள் பக்கம் போகும். இரண்டு பக்கமும் இரண்டு பேருடையது என்றால் ஆளுக்கு 3.125. யார் பாட்டுக்காகக் கடையில் வாங்குகிறார்கள் என்ற கேள்வியே சட்டத்தில் இல்லை. முன்பக்க ஹிட்டை எழுதியவர்களுக்குக் கிடைத்த அதே விகிதம் மறுபக்கத்தை எழுதிய மேனேஜருக்கும் கிடைத்தது. லட்சக்கணக்கான பிரதிகளில் அது எவ்வளவு என்று வாசகரே போட்டுப் பார்க்கலாம். இதில் இன்னொரு சந்தோஷமான திருப்பம்: நியூசிலாந்தில் மறுபக்கம்தான் மக்கள் பாட்டானது. அங்கே வீட்டு விருந்துகளில் கிட்டாரோடு எல்லாரும் பாடுகிற பாட்டாக இன்றும் இருக்கிறது.

அடுத்த ஹிட்டுகளுக்குப் பாட்டு எடுத்த கிணறுகள் மூன்று. முதலாவது அமெரிக்க கன்ட்ரி: ‘தேர் கோஸ் மை எவ்ரிதிங்’, ‘ஆம் ஐ தட் ஈஸி டு ஃபர்கெட்’. இரண்டாவது இத்தாலி: 1968 சான் ரெமோ விழாவில் பாடப்பட்ட ஒரு பாட்டுக்கு பாரி மேசன் ஆங்கில வரிகள் எழுதித் தந்தார், அது ‘எ மேன் விதவுட் லவ்’ ஆனது. மூன்றாவது லெஸ் ரீட், பாரி மேசன் ஜோடி இவருக்கென்றே எழுதியவை: ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’, ‘விண்டர் வேர்ல்ட் ஆஃப் லவ்’. ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ 1967 செப்டம்பரில் முதலிடம் பிடித்து ஐந்து வாரம் இருந்தது, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. வால்ட்ஸ் என்பது ஜோடியாக ஆடும் நடனம், அந்தப் பெயருக்கேற்ப மூன்று எண்ணிக்கைத் தாளம். நடன அரங்குகளில் இரவின் கடைசிப் பாட்டாகப் போடுவதற்குத் தோதாக எழுதப்பட்டது என்பதால் வானொலி நிறுத்திய பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது.

1969 கடைசியில் வந்த ‘விண்டர் வேர்ல்ட் ஆஃப் லவ்’தான் பிரிட்டனில் முதல் பத்துக்குள் போன கடைசி சிங்கிள். குரலில் குறை இல்லை. பழைய தலைமுறை ஆல்பம் வாங்கும் பக்கம் நகர்ந்தது, சிங்கிள் வாங்குகிறவர்களின் வயது இறங்கியது, கன்ட்ரி பாட்டை வாத்தியக்குழுவோடு பாடும் உத்தியைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். அதே சமயம் தொழில் வேறு திசையில் விரிந்தது. தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி வந்தது, பிரிட்டனில் தயாராகி அமெரிக்காவில் ஏபிசியிலும் ஓடியது. ஒரு பருவத்தோடு நின்றாலும் அமெரிக்க வீடுகளுக்குள் முகம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பணக் கணக்கிலும் ஒரு பெரிய மாற்றம். மில்ஸ் தன் பாடகர்களை வைத்துத் தொடங்கிய எம்.ஏ.எம். நிறுவனம் 1969இல் பங்குச்சந்தைக்கு வந்தது. அந்தக் கால பிரிட்டனில் அதிக வருமானத்தின் மேல்தட்டில் வரி 80 சதவீதத்தைத் தாண்டும். பங்கு விற்ற ஆதாயத்துக்கு வரி 30 சதவீதம்தான். பாட்டுக்காரரின் வருமானத்தை நிறுவனத்துக்குள் விட்டுப் பங்காக எடுத்தால் கையில் நிற்பது எத்தனையோ மடங்கு. புத்திசாலித்தனமான ஏற்பாடு. இதன் பலவீனம், மேனேஜர், ஏஜென்ட், பாட்டு வெளியீட்டாளர், இசைத்தட்டு நிறுவனம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்துவிடுவது. பாடகருக்காகப் பேரம் பேச வேண்டியவரே எதிர்ப்பக்கத்திலும் உட்கார்ந்திருப்பார். கில்பர்ட் ஓ'சல்லிவன் இதே நிறுவனத்துக்கு எதிராக 1980களில் வழக்குப் போட்டு, தனக்கென்று சுயேச்சையான சட்ட ஆலோசனை இல்லாமல் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை ரத்து செய்யவைத்தார். எங்கல்பெர்ட் 1970களின் நடுவில் மில்ஸை விட்டு விலகினார். அமெரிக்காவில் எபிக் நிறுவனத்துக்குப் போய் 1976இல் ‘ஆஃப்டர் தி லவ்விங்’ பாடினார். அது அங்கே 8ஆம் இடம்வரை போனது. நாற்பது வயதில் இரண்டாம் வாழ்வு.

இனி மேடை. தொழிலின் முதுகெலும்பு இதுதான். 1970களின் லாஸ் வேகஸில் ஒரு பாடகர் ஹோட்டல் அரங்கில் வாரக்கணக்கில் தங்கிப் பாடுவார். இரவுக்கு இரண்டு காட்சி: சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, நள்ளிரவை ஒட்டி ஒன்று. எங்கல்பெர்ட்டின் ரிவியரா ஹோட்டல் மேடைப் பதிவு ஒன்று ஆல்பமாகவே வந்திருக்கிறது. பாடகர் தன்னுடன் நடத்துநரையும் டிரம், பாஸ், கிட்டார், பியானோ வாசிப்பவர்களையும் கூட்டி வருவார். வயலின்களும் ஊதுவாத்தியங்களும் ஹோட்டலின் சொந்தக் குழு. அவர்கள் அந்தப் பாட்டை முன்பின் வாசித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிச் சுரத்தாள் பெட்டியில் வரும். மதியம் ஒரே ஒத்திகை, இரவு கச்சேரி. தாளில் ஒரு பிழை இருந்தால் அது ஆயிரம் பேர் முன்னால்தான் வெளிப்படும். திரும்பப் பாட வேண்டிய இடம், நிறுத்த வேண்டிய இடம், கைதட்டலுக்காக நீட்ட வேண்டிய இடம் எல்லாம் பென்சிலில் குறிக்கப்பட்டிருக்கும். நல்ல மேடைப் பாடகரின் உண்மையான சொத்து அந்தப் பெட்டிதான்.

அந்தப் பெட்டிக்கு வருகிற பெரிய சோதனை வயது. நம் கச்சேரிகளில் பாடகருக்கு வயதானால் சுருதியை அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கிவிடுவார்கள். தம்புராவையும் வயலினையும் மாற்றிச் சேர்த்தால் வேலை முடிந்தது. முப்பது பேர் தாளைப் பார்த்து வாசிக்கும் குழுவில் அரைக்கட்டை இறக்க வேண்டுமென்றால் முப்பது தாளையும் மறுபடி எழுத வேண்டும். கணினி வருவதற்கு முன் இது கையால் நகலெடுப்பவரின் பல நாள் வேலை. எழுதிய பிறகும் சிக்கல் தீராது. வயலினின் திறந்த தந்தியில் கணீரென்று ஒலித்த சுரம் இப்போது விரலின் கீழ் போய் மங்கிவிடும். டிரம்பெட்டுக்கு வசதியாக இருந்த உச்சச் சுரம் இறங்கியதால் அதன் பளபளப்புக் குறையும். ஆகவே நல்ல ஏற்பாட்டாளர் வெறுமனே இறக்க மாட்டார், வாத்தியங்களின் பங்கையே மாற்றி எழுதுவார்.

எவ்வளவு இறக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. எங்கல்பெர்ட்டினுடையது பாரிடோன் வகைக் குரல், அதாவது நடுத்தர உயரமுள்ள ஆண்குரல். அதன் இனிப்பு நடுவிலும் கீழ்நடுவிலும் இருக்கிறது. மேல் சுரம் சிரமம் என்று ஒன்றரைக் கட்டைக்கு மேல் இறக்கினால் பாட்டின் தொடக்க வரிகள் பாதாளத்துக்குப் போய்க் காற்றாகிவிடும். ‘ரிலீஸ் மீ’யின் உயிரே அந்தத் தொடக்க வரிகளில் இருக்கிறது.

மெதுவான காதல் பாட்டுதான் வயதான குரலுக்குச் சுலபம் என்று நினைப்பது தவறு. குரல்நாணின் தசை மெலிந்து இரண்டு நாணும் முழுதாக மூடாமல் போகும்போது காற்று ஒழுகும், மூச்சு சீக்கிரம் தீரும். நீண்ட சுரம் பிடிக்கிற மெல்லிசையில் அது உடனே தெரிந்துவிடும். வேகப் பாட்டில் ஒளிக்கலாம். குரலின் இயல்பான அதிர்வு நொடிக்கு ஐந்திலிருந்து ஏழு தடவை இருக்கும்வரை காதுக்கு இதம். அது ஐந்துக்குக் கீழே இறங்கி அகலமானால் ஆட்டமாகக் கேட்கும். கைவைத்தியங்கள் இருக்கின்றன: தாளத்தைச் சற்றுத் துரிதப்படுத்துவது, ஒரே மூச்சில் பாடிய வரியை இரண்டாக முறிப்பது, கடைசி நீண்ட சுரத்தைத் தொட்டுவிட்டுப் பின்னணிப் பாடகர்களிடம் கொடுப்பது, இரண்டு கனமான பாட்டுக்கு நடுவே பேசுவது. லாஸ் வேகஸ் பாலைவன ஊர் என்பதால் காற்றில் ஈரப்பதம் கோடையில் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். புதிதாக வந்து பாடுகிறவர்களுக்குத் தொண்டை வறண்டு கட்டிக்கொள்வதை அங்கே ‘வேகஸ் தொண்டை’ என்றே சொல்வார்கள். இரவுக்கு இரண்டு காட்சி என்று அங்கே பல வருடம் தாக்குப்பிடித்த குரல் இது என்பதை மறக்கக் கூடாது.

ஒரு நாட்டில் வெளிச்சம் குறையும்போது இன்னொரு நாட்டில் விளக்கேற்றிக்கொள்வது அவருடைய அடுத்த பழக்கம். 1980களில் ஜெர்மனியில் ஜாக் ஒயிட் என்ற தயாரிப்பாளரோடு செய்த ஆல்பங்கள் நன்றாக விற்றன. 1989இல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம். 2000இல் பழைய பாட்டுகளின் தொகுப்பைப் பிரிட்டனில் தொலைக்காட்சி விளம்பரத்தோடு வெளியிட்டபோது அது ஆல்பம் பட்டியலில் முதல் ஐந்துக்குள் போனது. இசைத்தட்டுக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்ட தலைமுறைக்கு, பாட்டு இன்னும் கிடைக்கிறது என்று வீட்டுக்கே வந்து சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

2012 யூரோவிஷனைப் பற்றி நிறையத் தவறாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பிபிசி 76 வயதுக்காரரை அஜர்பைஜானின் பாகு நகருக்கு அனுப்பியது, 26 நாடுகளில் 25ஆம் இடம், 12 புள்ளி. ‘கிழவரை அனுப்பினால் இப்படித்தான்’ என்று எழுதினார்கள். அதே இரவில் இரண்டாம் இடம் வந்தவர்கள் ரஷ்யாவின் புரானோவோ கிராமத்துப் பாட்டிமார்கள். வயது காரணம் என்றால் அவர்களுக்கு 259 புள்ளி எப்படி வந்தது? காரணங்கள் வேறு. பிரிட்டன் பணம் அதிகம் கட்டும் ஐந்து நாடுகளில் ஒன்று என்பதால் நேராக இறுதிச் சுற்று. மற்ற நாடுகளின் பாட்டை அரையிறுதியில் ஒரு தடவை கேட்டுவிட்ட பார்வையாளர் இவருடையதை முதல் தடவை கேட்கிறார். குலுக்கலில் விழுந்ததோ முதல் எண். அதற்குப் பின் 25 பாட்டு ஓடி முடிந்த பிறகுதான் புள்ளிக் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேல், புள்ளி கொடுக்கும் முறை. அன்றைய முறைப்படி ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுக்கு மட்டுமே புள்ளி தரும். எல்லா நாட்டிலும் 11ஆம் இடம் வந்த பாட்டுக்கு மொத்தம் பூஜ்யம். ‘லவ் வில் செட் யூ ஃப்ரீ’ யாருக்கும் பிடிக்காத பாட்டல்ல. மூன்று எண்ணிக்கைத் தாளத்தில், பின்னால் ஒரு ஜோடி நடனமாட, அடக்கமாகப் பாடப்பட்டது. பலருக்கும் ஓரளவு பிடித்து, யாருக்கும் மிகவும் பிடிக்காத பாட்டை அந்த முறை கொன்றுவிடும். இவரை அனுப்பியதல்ல பிழை. மூன்று நிமிடத்தில் அரங்கை உலுக்க வேண்டிய இடத்துக்கு, மெல்ல மெல்ல ஏறுகிற ஒருவருக்கு மெல்ல மெல்ல ஏறுகிற பாட்டையே கொடுத்ததுதான் பிழை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து எல்டன் ஜான், க்ளிஃப் ரிச்சர்ட், வில்லி நெல்சன், சார்ல்ஸ் அஸ்னவூர் போன்றவர்களோடு ஜோடி சேர்ந்து பாடிய இரட்டை ஆல்பம் வந்தது. 2021 பிப்ரவரியில், 1964 முதல் கூட இருந்த மனைவி பட்ரீஷியா காலமானார். நீண்ட காலம் மறதிநோயோடு இருந்தவர் அவர். அதே ஆண்டு பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது.

சட்டமும் அவர் பக்கம் ஒரு தடவை திரும்பியது. பிரிட்டனில் ஒலிப்பதிவின் காப்புரிமை 50 ஆண்டுதான் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் ‘ரிலீஸ் மீ’ பதிவு 2017 முடிவோடு யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்றாகியிருக்கும். 2013 நவம்பரில் அது 70 ஆண்டாக நீட்டிக்கப்பட்டது, ஆக 2037 வரை காவல் உண்டு. அந்தச் சட்டத்தில் பாடகர்களுக்குச் சாதகமாக இன்னொன்றும் இருக்கிறது: நீட்டிக்கப்பட்ட காலத்தில், பழைய முன்பணத்தைக் கழித்துக்கொள்கிறோம் என்று நிறுவனம் ராயல்டியை நிறுத்திவைக்க முடியாது. கூலிக்கு வாசித்துவிட்டுப் போன வாத்தியக்காரர்களுக்கும் விற்பனை வருவாயில் 20 சதவீதம் ஒதுக்க வேண்டும்.

இதன் அருமை 2022இல் தெரிந்தது. மார்வெலின் ‘மூன் நைட்’ தொடரின் முதல் பகுதியில் ‘எ மேன் விதவுட் லவ்’ ஒலித்தது. 54 வருடப் பழைய பதிவு புதிய தலைமுறையின் கைப்பேசிகளில் ஏறியது. இப்படிப் படத்தில் ஒரு பாட்டைச் சேர்க்க இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று மெட்டும் வரியும் எழுதியவர்களிடம், மற்றது ஒலிப்பதிவின் உரிமையாளரிடம். இரண்டாவது வாசல் வழியாகத்தான் பாடியவருக்குப் பங்கு வரும். காப்புரிமை தீர்ந்த பதிவாக இருந்தால் அந்த வாசலே இருந்திருக்காது.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் தொகுப்புகளில் ஆரம்பிக்காமல், முதலில் ‘ரிலீஸ் மீ’யை ஹெட்ஃபோனில் கேளுங்கள். மூன்றாம் பல்லவியில் கோரஸ் நுழையும்போது அவர் சத்தத்தைக் கூட்டாமல் கோரஸை மேலே போகவிட்டுக் கீழே நிற்பதைக் கவனியுங்கள். பிறகு ‘ஆஃப்டர் தி லவ்விங்’. பல வருட லாஸ் வேகஸ் வாசம் குரலில் கொஞ்சம் சொரசொரப்பு சேர்த்திருக்கும். கடைசியாக 2017 ஆல்பத்தில் எட் ஷீரனின் ‘ஃபோட்டோகிராஃப்’ பாட்டை 81 வயதில் அவர் பாடியது. வரிகள் துண்டுதுண்டாக முறிந்து வருகின்றன. எங்கே மூச்சு விடுகிறார் என்று எண்ணிக்கொண்டே கேட்டால், ஒவ்வொரு முறிவும் அர்த்தம் முடிகிற இடத்தில் விழுவது தெரியும்.